குடிமனைக்குள் ஒரு வல்லூறு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீடுகள் நெருங்கிய ஒழுங்கைகளிற் காலைவேளை நடப்போர் ஒன்றைக் கவனித்திருத்தல் கூடும். ஓயாது கூச்சலிடும் புலுனிகள் திடீரென வேலியடியிற் பதுங்கும். அணில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டுக் கீச்சிடும். காகங்கள் ஒரு கிளையைச் சூழ்ந்து கரையும். அவ்வேளையில் நாம் நோக்கவேண்டியது வானத்தையன்று, அக்கிளையின் உட்புறத்தை. அங்கே இலைமறைவில் அசையாது அமர்ந்திருப்பது பெரும்பாலும் வல்லூறாகவே இருக்கும். வைரி என்பாரும் உளர்.

எம்மிடம் பயிலும் மாணவருட் பலர், வளைந்த அலகுடைய எதனையும் பிராந்து என்று கூறி அமைந்துவிடுகின்றனர். வெண்தலையும் செம்மேனியும் உடைய செம்பருந்து, கருடனென்று நாம் கைகூப்பும் பறவை, குளக்கரையிலும் கடலோரத்திலும் உயரே வட்டமிடுவது. வல்லூறோ புறாவளவினது, முதுகு சாம்பல் நிறம், மார்பிற் செங்கபிலக் குறுக்குக்கோடுகள் நெருங்கியிருக்கும். சேவலினும் பேடே பெரிது. சில சிறகடிப்பு, பின் ஒரு மிதப்பு என்று தாழப் பறந்து இரைமேற் பாயும். ஓணான், எலி, அணில், சிறு குருவி, பெரும்பூச்சி ஆகியன அதன் உணவு.

கோழிக்குஞ்சும் அவற்றுட் சேர்வதே வழக்குக்கு மூலம். 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, சிறப்பாகப் பெண்ணொருத்தி தனித்துத் தாங்கும் குடும்பங்களுக்கு, முற்றத்துக் கோழி பொழுதுபோக்கன்று. முட்டை விற்ற காசு பிள்ளையின் கொப்பிக்கு ஆகின்றது. எட்டுக் குஞ்சில் மூன்று போனால் அவள் கல்லெடுப்பதை நாம் எவ்வாறு குறைகூறுவது?

எனினும், கல்லினும் கொடியது எலிக்கு வைக்கும் நஞ்சு. நஞ்சுண்டு தள்ளாடும் எலியே வல்லூறுக்கு எளிய இரை. இந்தியாவில் 1990களிற் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் மாண்டன. அவற்றுக்கு எவரும் நஞ்சு வைத்தாரில்லை. மாடுகளின் நோவுக்குக் கொடுத்த டைக்குளோபெனாக் என்னும் மருந்தே, அம்மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததெனப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இற் காட்டியது. 2006இல் இந்தியா அதனைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. அதற்குள் சில இனங்கள் நூற்றுக்கு 95க்கு மேல் அழிந்துவிட்டன.

குஞ்சுகளைக் காக்க வழி இல்லாமலில்லை. இறகு முற்றும்வரை அவற்றைக் கரப்பின்கீழ் விடலாம். அல்லது முற்றத்தின் ஒரு மூலையை அடைத்து, மேலே மீனவர் கழித்த பழைய வலையைக் கட்டலாம். முல்லைத்தீவுக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. வலையை இறுக இழுத்துக் கட்டுதல் வேண்டும். தொய்ந்த வலையிற் பறவை சிக்கும், சிலவேளை கோழியும் சிக்கும்! குஞ்சுகள் ஓடி ஒளியப் பற்றையொன்று அருகில் இருப்பதும் நன்று. கூட்டிப் பெருக்கிய வெறும் முற்றமே வல்லூறுக்கு வாய்ப்பான இடம்.

பறவை பார்க்கப் புறப்படும் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். குரலை மட்டும் நம்பி வல்லூறென்று குறிப்பேட்டில் எழுதற்க. கரிக்குருவி அதன் குரலைப் போலச் செய்து மைனாக்களை அச்சுறுத்தும் குறும்புடையது. நிமிர்ந்து பார்த்தால், இரட்டை வால் கொண்ட அக்கரியவன் கம்பியில் அமர்ந்திருப்பான்.