அஞ்சு எச்.பி. மோட்டாரும் ராக்கெட்டும்

வன்னியம்பட்டியில் நாற்பது வருஷமாகக் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறேன். ராக்கெட்டைப் பற்றி இவன் என்ன எழுதுவது என்று நினைக்கலாம். நம்பி நாராயணன் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இவர் நம்ம தொழில்காரர், பம்புக்காரர்.

1941-ல் நாகர்கோவிலில் பிறந்தவர்; 1966-ல் தும்பாவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அங்கே திட எரிபொருள்தான். அது நம் சிவகாசி வாணம் மாதிரி: பற்றவைத்தால் மருந்து தீரும்வரை நிறுத்த முடியாது. திரவ எரிபொருளென்றால் வால்வை மூடி அணைக்கலாம். ஆனால் எரிகிற அறைக்குள் வாயு முட்டிக்கொண்டிருக்கும். அதை மீறித் திரவத்தைத் தள்ள வேண்டும். மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிறவனுக்கு இந்தப் பாடு தெரியும்.

1969-ல் மனிதனை நிலாவுக்கு அனுப்பிய சாடர்ன் 5-ன் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள். ஒரு எஞ்சினின் பம்புக்கு மட்டும் 55,000 குதிரைத்திறன். எங்கள் ஊர்க் கிணற்றில் அஞ்சு எச்.பி.! அந்த வருஷம்தான் நம்பி பிரின்ஸ்டன் போனார். லூயிஜி குரோக்கோவிடம் பத்தே மாதத்தில் படிப்பை முடித்துத் திரும்பினார்.

1974-ல் பிரான்சுடன் ஒப்பந்தம். நீ என் காட்டுக்கு வா, நான் உன் காட்டுக்கு வருகிறேன் என்று களையெடுக்கப் போவோமே, அந்தக் கணக்குதான். பணமில்லை, நம் பொறியாளர்கள் அங்கே வேலை செய்தார்கள், பதிலுக்கு வைக்கிங் எஞ்சினின் நுட்பம் வந்தது. நம்பியின் தலைமையில் அதுவே 'விகாஸ்' ஆனது. இரண்டு திரவமும் தொட்டதும் பற்றிக்கொள்ளும், தீப்பெட்டிக்கு வேலையில்லை. நம் மோட்டார் நிமிஷத்துக்கு 2,880 சுற்று. விகாஸின் பம்பு 10,000-ஐ ஒட்டி. எனக்குப் பிடித்தது, அந்த ஒரே தண்டில் ஒரு தண்ணீர் பம்பும் இருப்பது! டர்பைனைச் சுழற்றுகிற வாயுவின் சூட்டை ஆற்ற, தண்ணீர்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையே தெற்கே போய் மகேந்திரகிரியாகிறது. விகாஸை அங்கேதான் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

1994-ல் நம்பி உளவு வழக்கில் கைதானார். அது பொய் வழக்கென்று ஆகி, 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. சினிமாகூட வந்துவிட்டது. பம்பைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம்.

2023 ஜூலை 14, சந்திரயான்-3. பட்டறை டிவியில் எல்லோரும் புகையைப் பார்த்தார்கள். கிளம்பி இரண்டு நிமிஷத்துக்குள் நடு அடுக்கின் இரண்டு விகாஸும் பற்ற வேண்டும். பேரிங் மாற்ற வந்தவரிடம், "அண்ணாச்சி, சித்த இருங்க" என்றேன்.

பற்றின. பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன்.