அம்லோடிபின் மாத்திரை: பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி?

உயர் இரத்த அழுத்தத்திற்கு அரசு மருத்துவமனைகளில் பரவலாக வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று அம்லோடிபின். விழுப்புரம் மாவட்டத்தில் இம்மருந்தை ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெறலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் வீட்டிலேயே பெறுவோரும் உண்டு. மருந்து எங்குக் கிடைத்தாலும், அதைத் தாமாக நிறுத்துவதும், அறியாமல் இருமடங்காக உட்கொள்வதுமே பெரும் ஆபத்துகள்.

மாத்திரை எவ்வாறு செயல்படுகிறது?

அம்லோடிபின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைகளைத் தளர்த்துகிறது. குழாய்கள் விரிவதால் அழுத்தம் குறைகிறது. முழுப் பலன் தெரிய ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். எனவே முதல் சில நாட்களில் அழுத்தம் குறையவில்லை என்று அளவைக் கூட்ட வேண்டாம்.

இம்மருந்து நோயை நீக்குவதில்லை, கட்டுக்குள் வைக்கிறது. அளவு 140/90-க்குக் கீழே வந்திருப்பது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கே சான்று. மருந்து இனித் தேவையில்லை என்பதற்கன்று. நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் உயரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. பக்கவாதமோ மாரடைப்போ முதல் அறிகுறியாக வந்துவிடக்கூடும்.

உட்கொள்ளும் முறை

• மருத்துவர் குறித்த அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ளுங்கள். உணவுக்கு முன்போ பின்போ எடுத்துக்கொள்ளலாம்.
• ஒரு வேளை மறந்துவிட்டால், 12 மணி நேரத்திற்குள் நினைவு வந்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் அவ்வேளையை விட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போல் தொடருங்கள். ஒருபோதும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்காதீர்கள்.
• வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்யும் நாளிலும் இம்மாத்திரையைச் சிறிது தண்ணீருடன் உட்கொள்ளலாம். நீரிழிவு மருந்துக்கு இது பொருந்தாது. அதைப்பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
• மாத்திரைகளை அட்டையிலேயே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.
• வெளியூர் வேலைக்கோ, உறவினர் வீட்டிற்கோ செல்லும்போது, தங்கும் நாட்களுக்குப் போதிய மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்கள்

ஒருவர் திண்டிவனத்தில் தனியார் மருத்துவரிடம் ஒரு மாத்திரையும், புதுச்சேரி ஜிப்மரிலோ முண்டியம்பாக்கத்திலோ மற்றொரு மாத்திரையும் பெறக்கூடும். அட்டையின் நிறமும் வணிகப் பெயரும் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே அம்லோடிபினாக இருக்கலாம். இரண்டையும் உட்கொண்டால் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, தலைச்சுற்றலோ மயக்கமோ ஏற்படலாம். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருந்தாளுநரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவரிடம் செல்லும்போதும், வீட்டிலுள்ள எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கால் வீக்கம் வந்தால்

கணுக்கால் வீக்கம், தலைவலி, முகம் சிவத்தல், படபடப்பு ஆகியன இம்மருந்தால் ஏற்படக்கூடியவை. மருந்தின் அளவு கூடும்போது கால் வீக்கமும் கூடுதலாகக் காணப்படும். இவ்வீக்கத்திற்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று பொருளன்று. அதற்காக மருந்தை நிறுத்தவோ, கடையில் நீர் மாத்திரை வாங்கி உட்கொள்ளவோ வேண்டாம். மருத்துவர் அளவைக் குறைப்பார். அல்லது வேறு மருந்தைச் சேர்ப்பார். வீக்கத்துடன் மூச்சுத்திணறலும் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டியவை

• மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறீர்களா? இவை அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.
• கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாட்டின் உட்கொள்கிறீர்களா? அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.
• அதிமதுரம் சேர்ந்த மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்கிறீர்களா? அதிமதுரமும் அழுத்தத்தை உயர்த்தும்.
• கருவுற்றிருக்கிறீர்களா, கருவுறத் திட்டமிடுகிறீர்களா? அம்லோடிபினுடன் வழங்கப்படும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கும்.

உப்பும் மருந்தும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. குழம்பில் இடும் உப்பு மட்டுமன்றி ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். மரக்காணம் உப்பளத்து உப்பானாலும் கடையில் வாங்கும் பொடியுப்பானாலும், அளவு மிகுந்தால் அழுத்தம் உயரவே செய்யும்.

எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், பேச்சுக் குளறல், நெஞ்சுவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். கூடுதல் மாத்திரை கொடுத்து வீட்டில் காத்திருப்பது அந்நேரத்தை வீணாக்கும்.

மருந்து பற்றிய பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். உங்கள் பகுதிப் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் கேட்கலாம். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் அறிவுரைப்படியே நடைபெற வேண்டும்.