குளத்தில் இறங்கினால் கால் வீக்கம் ஏன் வடிகிறது?

‘ஏழாம் மாதம். சாயங்காலமானால் கொலுசு இறுக்குகிறது. நீச்சல் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றால் வீக்கம் வடிந்துவிடுகிறது. ஆனால் கரையேறியதும் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. தண்ணீர் தோல் வழியே உள்ளே போகிறதா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த நீர்தான் வெளியே வருகிறது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். வளரும் கருப்பை, காலிலிருந்து திரும்பும் சிரைகளை அழுத்த, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் கூடுதல் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். அது பாதத்தில் அதிகம், முழங்காலில் குறைவு, மார்பில் இன்னும் குறைவு. சிக்கனமான மாமியார் பற்பசைக் குழாயை அடியிலிருந்து பிதுக்கிக்கொண்டே வருவாரே, அதே வேலை. ஒரு வித்தியாசம்: இங்கே மூடி திறப்பதில்லை. பசை முழுக்க மூடியருகே திரள, மூடியே பதறிப்போய், ‘வீட்டில் பசை மிஞ்சிவிட்டது, கொட்டு’ என்று குளியலறைக்கு ஆளனுப்புகிறது.

அந்த மூடிதான் இதயம். கழுத்துவரை மூழ்கினால் மார்புப் பகுதிக்குச் சுமார் 700 மில்லி ரத்தம் கூடுதலாக வந்து சேரும். (ஆண்களிடம் அளந்த கணக்கு. உடலியங்கியல் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே தொடங்கும்!) இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. நாம் குளத்தில் நிற்பது அவற்றுக்குத் தெரியாது. உடம்பில் நீர் மிஞ்சிவிட்டதாகவே முடிவு கட்டி ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. ரத்தத்தில் குறைவதை ஈடுகட்டக் கணுக்கால் நீர் உள்ளே வருகிறது.

அந்த ஹார்மோனின் வரலாறும் வேண்டுமென்றால்: 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் குழுவினர் எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள், அவை சிறுநீராகக் கொட்டின. இதயமும் ஒரு சுரப்பி என்று அப்படித்தான் தெரிந்தது.

தண்ணீர் செய்யும் இந்த வேலையை வைத்து ‘நீர்ப் பிரசவம்’ விற்பவர்கள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். பிரசவ வலியின் முதல் கட்டத்தில் வெதுவெதுப்பான நீரில் இருப்பவர்களுக்கு முதுகில் போடும் வலிநீக்க ஊசியின் தேவை சற்றுக் குறைகிறது என்று 2018இன் காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. குழந்தை அறிவாளியாகும் என்று அதில் இல்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதும் இதில் சேராது. அது உடல்சூட்டை ஏற்றிவிடும்.

வீக்கம் வடிவதும் தற்காலிகம்தான். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கி, விடாத தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால், நீச்சல் உடையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தம் பாருங்கள்.