வனபரிபாலனமும் காட்டுப்பூனையின் வாசமும்

காட்டுப்பூனை என்றவுடன் குடியானவர்க்குக் கோழிக்கூண்டின் நினைவே முதலில் வருவது வழக்கம். ஆயினும், அப்பிராணியின் உணவிற் பெரும்பாகம் எலியினமேயாகும். இராஜஸ்தானத்துச் சரிஸ்கா வனத்தில் நடந்த ஆராய்ச்சியில், ஒரு பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைப் பிடிப்பதாகக் கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ஆயிரத்திற்குக் குறையாது. கூலியும் தீனியுமின்றி வயலைக் காக்கும் இப்பிராணி ஓர் ஊரில் தங்குவதும் தங்காமற் போவதும், அவ்வூர்த் தோப்பு, ஏரி உட்புறம், முட்புதர் ஆகியவற்றை நாம் பரிபாலிக்கும் முறையைப் பெரிதும் பொறுத்தவை.

அடையாளம்

இது வீட்டுப்பூனையினும் சற்றுப் பெரியது, கால் நீண்டது, பழுப்பு நிறமுடையது, வால் குட்டையாய், நுனி கறுத்திருக்கும். வளர்ந்த பூனையின் உடலிற் புள்ளிகள் இரா. இதன் குட்டிகளைச் சிறுத்தைக் குட்டிகளென மருண்டு அடித்துக் கொல்வதுண்டு. சிறுத்தைக் குட்டிக்கு உடல் முழுதும் கரும்புள்ளிகள் நெருங்கியிருக்கும்; காட்டுப்பூனைக் குட்டிக்கு மங்கிய கோடுகளே காணப்படும்.

பூனை வேண்டும் இடம்

இப்பிராணி துரத்தி ஓடி வேட்டையாடுவதன்று, பதுங்கிப் பாய்வது. ஆகவே, பகலில் ஒளியவும் குட்டி ஈனவும் அடர்ந்த மறைவும், அதனை அடுத்தே எலி திரியும் புல்வெளியும் வயலும் இதற்கு வேண்டும். தரையைத் துடைத்தாற்போற் சுத்தம் செய்த மரத்தோப்பிற் புல்லுமில்லை, எலியுமில்லை, பதுங்குமிடமுமில்லை. இடைவெளியின்றி அடைத்து வளர்ந்த உண்ணிச்செடி, சீமைக்கருவேற் காட்டில் ஒளியலாமேயன்றி எளிதில் இரைதேட இயலாது. மறைவும் வெளியும் அடுத்தடுத்து அமைந்த ஓரங்களே இதற்கு உகந்தவை.

பிற தேசத்து அனுபவமும் இதற்கு ஒத்ததே. ஜெர்மனி தேசத்தில், மரத்திற்காகவே பரிபாலிக்கப்படும் காடுகளில், அவ்விடத்துக் காட்டுப்பூனைகளுக்கு வானொலிக் கருவி பூட்டிக் கவனித்தனர். புயலில் விழுந்து அகற்றப்படாத மரக்குவியல்களையும் இளமரப் புதர்களையும் அவை நாடித் தங்குவது தெரியவந்தது. அதே காட்டில், ஒழுங்கு செய்யப்படாத சிறு மூலைகளே அவற்றிற்குப் புகலிடமாயின.

நம் ஊர்களின் நிலை

ஏரி உட்புறக் கருவேலந் தோப்பு ஏலம் விடப்பட்டால், முழுவதையும் ஒரே பருவத்தில் வெட்டித் தீர்ப்பது வழக்கம். சீமைக்கருவேலத்தையும் பொக்லைன் கொண்டு ஒரேயடியாய்ப் பெயர்க்கின்றனர். அம்மரத்தை அகற்றுவது அவசியமே. தமிழக அரசும் அந்நியத் தாவரங்களை அகற்றும் கொள்கையை 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆயினும், மாற்றுப் புதர் தலையெடுக்குமுன் எல்லாவற்றையும் அழிப்பின், பூனை ஊரைவிட்டகலும். எலியோ வரப்பு வளைகளில் நிலைத்திருக்கும்.

அனுஷ்டிக்க வேண்டியவை

1. தோப்பையும் புதரையும் மூன்று பாகமாகப் பிரித்து, ஆண்டிற்கொரு பாகமாய் வெட்டுக. ஏல நிபந்தனைகளில் இதனைச் சேர்ப்பது கிராம அதிகாரிகளின் கடமையாகக் கொள்ளத்தக்கது.

2. சீமைக்கருவேலத்தை அகற்றிய இடத்திற் கிளுவை, சூரை, காரை முதலிய நாட்டு முட்செடிகளை வேலியாய் வளர்க்க. பொந்துள்ள முதுமரம் இரண்டொன்றை விட்டுவைக்க.

3. கரும்புத் தோகை, காய்ந்த புல் ஆகியவற்றிற்குத் தீயிடுவதைத் தவிர்க்க. வெட்டுமுன் குட்டிகள் உளவோவெனப் பார்க்க. குட்டிகள் காணப்படின் கையாற் றொடாது, அவ்விடத்தை வெட்டாது விட்டு விலகுக. தாய் இரவில் வந்து அவற்றை அப்புறப்படுத்தும். சிறுத்தைக் குட்டியோவென ஐயமேற்படின், அணுகாது வனச்சரக அலுவலர்க்கு உடனே தெரிவிக்க.

4. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் மாளக்கூடும். ஆதலால் எலிக் கிட்டிகளை முதலிற் பயன்படுத்துக; நஞ்சிட நேரின் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க.

5. கோழிகளை அந்தியில் உறுதியான கூண்டில் அடைக்க. கோழி இழந்தவரது மனத்தாங்கல் நியாயமானதே. எனினும் பூனையைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

காடு என்பது மலைமேல் மட்டும் இருப்பதன்று. வயலோரத்து அரைக் குழிப் புதரும் ஒரு காடே. அதனை வெட்டுமுன், அதில் வசிப்பது யாது, அது உண்பது யாது என்று ஒருமுறை விசாரிப்பது மகசூலுக்கு அனுகூலமானதாகும்.