ஈரக் கை, உச்சி வெயில், சிக்னல் எட்டாத கடல்

போன் விமர்சனங்களில் கேமராவுக்கும் விளையாட்டு வேகத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். தங்கச்சிமடத்தில் கடலுக்குப் போகிறவர் ஒரு போனை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது கேட்கும் கேள்விகள் வேறு. ஈரக் கையில் வேலை செய்யுமா? நடுப்பகலில் திரை தெரியுமா? கரை மறைந்த பிறகும் இருக்கும் இடத்தைக் காட்டுமா?

பட்டன் போனிலிருந்து தொடுதிரைக்கு மாறியவர்கள் முதலில் திணறுவது ஈரத்தில்தான். பட்டனை அழுத்தினால் உள்ளே மின்தொடர்பு ஏற்படும். விரல் நனைந்திருந்தால் என்ன, காய்ந்திருந்தால் என்ன! தொடுதிரை அப்படியல்ல. கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டதும் அங்குள்ள மின்புலம் சற்றே மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைப் போன் கணக்கிடுகிறது. தண்ணீரும் அந்த மின்புலத்தைக் கலைக்கும். குடிநீரைவிடக் கடல்நீர் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். திரையில் உப்புநீர் படர்ந்தால் நீர் எது, விரல் எது என்று போன் தடுமாறுகிறது; தொடாததெல்லாம் திறந்துகொள்கிறது. ஒன்பிளஸ், ரியல்மி போன்ற நிறுவனங்கள் ஈரத்தைப் பிரித்தறியும் மென்பொருளைச் சில மாடல்களில் தருகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போனை இறுக்கமாகப் போட்டுக்கொள்வது அதைவிட எளிது. மின்புலம் உறையை ஊடுருவும். மேலே விழும் துளிகளை அவ்வப்போது துடைத்தால் போதும்.

உறை இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐ.பி. 68 என்ற நீர்புகாத் தரத்துக்கான சோதனை நன்னீரில் நடப்பது. சார்ஜர் சொருகும் இடத்தில் உப்பு படிந்து உலோகத்தை அரிப்பதை அது கணக்கில் கொள்வதில்லை. அந்த எழுத்தை நம்பிக் கடலோரத்தில் யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பேன்.

திரைக்குக் கொடுக்கலாம். நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சத்தைக் கொட்டுகிறது. கண்ணாடி அதில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலே படம் வெளிறிவிடும். திரையின் ஒளிர்வை நிட்ஸில் அளப்பார்கள். மலிவான எல்.சி.டி. திரைகள் பலவும் 500 நிட்ஸ் அளவில் நின்றுவிட, இப்போதைய நல்ல ஓ.எல்.இ.டி. திரைகள் வெயிலில் ஆயிரத்தைத் தாண்டி ஒளிர்கின்றன. ஆனால் எந்தப் போனும் வெயிலிலேயே கிடந்து சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கச் செய்துவிடும். அதனால் நிழலில் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பதே சரி.

ஈரக் கைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வலை இழுத்துத் தேய்ந்து, நீரில் ஊறிச் சுருங்கிய விரலைக் கைரேகை உணரிகள் அடிக்கடி நிராகரிக்கும். எண் பூட்டே மேல்.

மூன்றாவது கேள்விதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974-ல் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. டவர் சிக்னல் போனால் ஜி.பி.எஸ்.ஸும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக வருவது. சிம் கார்டே தேவையில்லை. நெட்வொர்க் இருந்தால் செயற்கைக்கோள்களின் பாதை விவரம் இணையம் வழியாகச் சில நொடிகளில் வந்துவிடும். இல்லையென்றால் செயற்கைக்கோளே மெதுவாக அனுப்புவதைக் கேட்டுப் பெற, சுமார் அரை நிமிடம் ஆகும். கரையிலேயே லொகேஷனைப் போட்டு, வரைபடத்தையும் தரவிறக்கிக்கொண்டு கிளம்பினால் இந்தத் தாமதம் இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும்.

2020 முதல் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களையும் படிக்கும் சிப்புகள் நடுத்தர விலைப் போன்களிலேயே வரத் தொடங்கின. கட்டடங்கள் மறைக்கும் நகரத்தில் இதன் பலன் பெரிது. கடலிலோ வானம் முழுக்கத் திறந்து கிடப்பதால், இடம் காட்டுவதில் மலிவான போனும் விலை உயர்ந்த போனும் ஏறக்குறைய சமம்.

புயல் எச்சரிக்கை மட்டும் டவரைத் தாண்டி வராது. அதற்காகத்தான் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ஜெமினி கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. அது ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே செய்தியைப் பெற்று, புளூடூத் மூலம் போனுக்குத் தருகிறது. புளூடூத் உள்ள சாதாரண ஆண்ட்ராய்டு போனே அதற்குப் போதும். மிச்சமாகும் பணத்தை உறைக்கும் பவர்பேங்குக்கும் செலவிடலாம். இரவெல்லாம் ஜி.பி.எஸ். ஓடினால் சார்ஜ் வேகமாக இறங்கும்.