உப்பு நீர்த் தூண்டிலுக்குரிய ரீல்: உபயோகமும் பராமரிப்பும்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் ஸ்ரீரங்கத்தை இரு புறமும் அணைத்துச் செல்லும் காவிரியும் கொள்ளிடமும் முடிவில் வங்காள விரிகுடாவையே அடைகின்றன. சம்பா அறுவடை முடிந்து ஓய்வு கிடைக்கும் நாட்களில், கொள்ளிட முகத்துவாரத்தை அடுத்த பழையாற்றுக்கும், சுமார் 140 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நாகப்பட்டினத்துக்கும் சென்று கரையில் நின்று தூண்டில் போடும் விவசாயிகள் நம் பக்கத்திலும் உண்டு. கொடுவா, பாரை, சீலா முதலிய மீன்களை நாடிச் செல்லும் இவர்கள், ரீலை வீட்டுக்குக் கொண்டுவந்து பையோடு மாட்டி வைத்துவிட்டு, மறு முறை எடுக்கும்போது கைப்பிடி சுற்றாமல் இறுகியிருக்கக் காண்கின்றனர். இது பெரும்பாலும் கருவியின் குற்றமன்று, உப்பின் வேலையேயாகும். கால் மணி நேரச் சிரமத்தால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

கருவியின் அமைப்பு

ஸ்பின்னிங் ரீல் என்னும் இக்கருவிக்கு, இங்கிலாந்தில் ஜவுளித் தொழிலைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வர்த் என்பவர் 1905-ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். பழைய ரீல்களில் நரம்பு வெளியேறும்போது உருளையும் கூடச் சுழலும். இதிலோ, நூற்கண்டின் முனை வழியே நூல் கழல்வது போல, நிலையாக நிற்கும் உருளையின் விளிம்பைத் தாண்டி நரம்பு கழன்று செல்லும். ஆகவே இலேசான இரையையும் தூரத்தில் எறியக்கூடும். கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே பல் சக்கரங்கள் இயங்கி, பெயில் என்னும் வளைகம்பி உருளையைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும்.

நரம்பு ஏற்றலும் டிராக் வைத்தலும்

தங்கூஸ் என்று வழங்கும் நைலான் நரம்பை, உருளையின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைவாக நிற்கும்படி ஏற்றவேண்டும். அதற்கு மிஞ்சினால் எறியும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். மிகக் குறைந்தால் எறிதூரம் குறையும். எறிந்த பின் வளைகம்பியைக் கையாலேயே மடக்கி, நரம்பைச் சற்று இழுத்து இறுக்கிய பிறகு சுற்றுவது நல்லது.

மீன் பலமாக இழுக்குங்கால் நரம்பு அறுந்துபோகாமல் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிராக் என்று பெயர். முரட்டுக் காளையின் கயிற்றை ஒரேயடியாக இறுக்குபவனும் இழப்பான். அறவே விடுபவனும் இழப்பான். நரம்பின் தாங்கும் சக்தியில் நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை டிராக்கை வைப்பது வழக்கம். உதாரணமாக, 6 கிலோ தாங்கும் நரம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ இழுப்பு போதும். நரம்பு முனையை வில் தராசில் மாட்டி இழுத்து இதைச் சரிபார்க்கலாம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றலாகாது. கைப்பிடி ஒரு சுற்றுக்கு வளைகம்பி ஐந்து முறை சுற்றும் ரீலில், அவ்விதம் வீணாகச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஐந்து முறுக்குகளை ஏற்றிவிடும்.

உப்பை அகற்றும் முறை

கடல் நீர் உலர்ந்த பின்னரும் உப்பு தங்கிவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, இரும்பைத் துருவேற்றி, அலுமினியத்தையும் அரிக்கிறது. ஆகையால் அன்றைய தினமே கீழ்க்கண்டவாறு செய்க:

1. டிராக் திருகை நன்றாக முடுக்குக. இதனால் நீர் உள்ளே புகுவது குறையும்.

2. நல்ல தண்ணீரைப் பூவாளியால் தெளிப்பது போல் மெல்லத் தெளித்துக் கழுவுக. மோட்டார் குழாயின் வேகமான தண்ணீரைப் பீய்ச்சலாகாது. அது உப்பையும் மணலையும் உள்ளே தள்ளிவிடும். ரீலை வாளியில் அமிழ்த்தி வைப்பதும் தவறு.

3. துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக. உலர்ந்த பின் டிராக்கைத் தளர்த்தி வைக்க. முடுக்கியபடியே வைத்தால் உள்ளிருக்கும் வில்லைகள் நசுங்கிக் கெடும்.

4. வளைகம்பியின் மூட்டுகளுக்கும், நரம்பு ஓடும் சிறு உருளைக்கும், கைப்பிடிக் குமிழுக்கும் ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெய் இடுக. பல் சக்கரங்களுக்குக் கிரீஸ் வேண்டும். இதை வருஷத்துக்கு ஒரு முறை, உப்பு நீரில் அடிக்கடி உபயோகிப்பவர் இரு முறை, புதுப்பித்தல் நலம். டிராக் வில்லைகளில் எண்ணெய் படக்கூடாது. உருளையில் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றைத் தடவலாகாது. அவை நாளடைவில் பிசினாகிவிடும்.

ஆற்று மணல்

காவிரியிலும் கொள்ளிடத்திலும் கெண்டை, விரால் பிடிப்போருக்கு உப்பால் பயமில்லை, மணலே பகை. பல் சக்கரங்களிடையே புகும் மணல் அவற்றை அரம் போல் தேய்க்கும். தூண்டிற்கோலை மணலில் கிடத்தாமல், கவட்டைக் கம்பு நட்டு அதில் சாய்த்து வைக்க.

எச்சரிக்கைகள்

கார்பன் கோல்களின் வழியாக மின்சாரம் பாயும். வயலின் மேல் செல்லும் மின்கம்பிகளுக்கு அருகிலும், இடி மின்னல் வேளைகளிலும் அவற்றை நிமிர்த்திப் பிடித்தல் உயிருக்கு ஆபத்து.

மேட்டூரிலிருந்து வரும் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. 2018 ஆகஸ்டு 22 இரவு அங்குள்ள மேலணையின் 9 மதகுகள் உடைந்தமை அந்நீரின் வேகத்துக்குச் சான்று. வெள்ள அறிவிப்பு வந்தவுடன் மணல் திட்டுகளில் தூண்டில் போடுவோரையும் எச்சரித்துக் கரையேற்றுவது கிராம அதிகாரிகளின் பொறுப்பென நினைவில் கொள்க.

ஏரி குளங்களில் மீன்பாசி குத்தகை விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரின் சம்மதம் பெற்றே தூண்டில் போடவேண்டும்.

அறுந்த நரம்பு மட்கிப் போவதில்லை. கரையில் எறிந்தால் மேயும் மாட்டின் காலிலும், கொக்கு நாரையின் சிறகிலும் சுற்றிக்கொள்ளும். அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் சேர்க்க.

விசைத் தெளிப்பானை மருந்தடித்த அன்றே கழுவி வைக்கும் விவசாயிக்கு இவற்றில் புதிது ஒன்றுமில்லை. அதே வழக்கத்தை ரீலுக்கும் கைக்கொண்டால், அது பல வருஷங்கள் உழைக்கும்.