குழந்தை ஏன் பருக்கிறது?

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகைக்குச் செல்லும் பேருந்தில் ஒருநாள் ஓர் இளந்தாய் தம் மூன்று வயதுக் குழந்தையுடன் என் முன் இருக்கையில் அமர்ந்திருந்தார். ஆறு வயதுப் பிள்ளையின் பருமன் அந்தக் குழந்தைக்கு. கையிலிருந்த பிஸ்கட் தீர்ந்ததும் இன்னும் வேண்டுமென்று வீறிட்டு அழுதது. பக்கத்திலிருந்த பெரியவர், "கேக்கிறப்பல்லாம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கியேம்மா!" என்றார். அந்தத் தாய் பதில் பேசாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் சொன்னது சரிதானா? வாருங்கள், ஆராய்ந்து பார்ப்போம்.

ஆற்றல் கணக்கு

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். உண்ட ஆற்றலில் செலவானது போக எஞ்சியது உடலில் கொழுப்பாகச் சேர்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி அடங்கியுள்ளது. நாள்தோறும் 21 கிலோ கலோரி மிஞ்சினாலே, வெறுங்கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு கிலோ எடை கூட வேண்டும். அது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் ஆற்றல்தான்!

களி உருண்டையை யாரும் தராசில் நிறுத்து உண்பதில்லை. ஆயினும் பெரும்பாலோரின் எடை ஆண்டுக்கணக்கில் அதிகம் மாறுவதில்லை. எனவே, உடலுக்குள் ஒரு தானியங்கிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். மின் இஸ்திரிப் பெட்டியில் சூடு அளவை எட்டியதும் மின்சாரம் தானே நின்றுவிடுகிறதல்லவா? அது போன்றதே இதுவும்.

சுண்டெலி சொன்ன செய்தி

1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஓயாமல் தின்று பருக்கும் சுண்டெலிகள் சில காணப்பட்டன. அந்தப் பருமன் பரம்பரையாக வந்தது. அங்கு பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் ஒரு பருத்த எலியையும் ஓர் இயல்பான எலியையும் இரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்தார். பருத்த எலி தீனியைக் குறைத்துக்கொண்டது! இயல்பான எலியின் இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு பொருள் 'போதும்' என்று சொல்கிறது என அவர் முடிவு செய்தார்.

1994-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தனர். அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டனர். கொழுப்புத் திசுவே இதைச் சுரக்கிறது. அது இரத்தத்தின் வழியாக மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை அடைந்து, 'சேமிப்பு போதும்' என்று அறிவிக்கிறது.

ஓர் எழுத்துப் பிழை

மனிதரிடமும் இப்படி நேருமா? நேரும். பாகிஸ்தானிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளைப் பற்றி 1997-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபாரூக்கி உள்ளிட்டோர் அறிவித்தனர். எட்டு வயதுக் குழந்தையின் எடை 86 கிலோ. இரண்டு வயதுக் குழந்தையின் எடை 29 கிலோ! லெப்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. மூத்த சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி போடப்பட்டது. அப்போது அவள் எடை 94.4 கிலோ. பசி தணிந்தது, ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. 1999-இல் இம்முடிவு வெளியாயிற்று. குற்றம் வளர்ப்பில் இல்லை, மரபணுவில் என்பது தெளிவாயிற்று.

உறவுத் திருமணக் கணக்கு

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் தோன்றும். ஒரு தாத்தாவிடம் அத்தகைய பிரதி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது அவருடைய மகன் வயிற்றுப் பேத்திக்கு வந்திருக்கும் வாய்ப்பு 1/4. மகள் வயிற்றுப் பேரனுக்கும் அவ்வாறே. அவ்விருவரும் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரு பிரதிகளும் பழுதாக வரும் வாய்ப்பு 1/4 × 1/4 × 1/4, அதாவது 64-இல் ஒன்று. பேத்தி அயலில் மணம் செய்தால்? ஊரில் 200 பேரில் ஒருவரிடம் அப்பழுது இருப்பதாக வைத்துக்கொண்டால், வாய்ப்பு 3,200-இல் ஒன்று. ஐம்பது மடங்கு வேறுபாடு! 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கால்பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. ஆகவே இக்கணக்கு நமக்கும் உரியதே.

எல்லாக் குழந்தைகளுக்கும் இதுவா?

அல்ல. ஒற்றை மரபணுப் பழுது மிக அரிது. பெரும்பாலோரிடம் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தூண்டுகின்றன. அவற்றுள் எஃப்.டி.ஓ. என்பது ஒன்று. சென்னையில் நடந்த ஆய்வொன்று தென்னிந்தியரிடமும் இதன் மாறுபாடுகளுக்கும் பருமனுக்கும் தொடர்புண்டு என்று 2011-இல் காட்டியது. ஆனால் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடை மிகுந்தோர் 2015–16-இல் 2.1 விழுக்காடு; 2019–21-இல் 3.4 விழுக்காடு. ஐந்தாண்டில் மரபணு மாறிவிடாது. மாறியவை தின்பண்டமும் விளையாட்டும்தான்.

பிறந்த ஓரிரு ஆண்டுக்குள்ளேயே எடை விரைந்து ஏறினால், எவ்வளவு உண்டாலும் பசி அடங்காவிட்டால், வளர்ச்சியில் தாமதமோ பார்வைக் குறையோ உடனிருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹார்மோன், மரபணுச் சோதனை தேவையா என்று கேட்க வேண்டும்.

அன்று அந்தத் தாய்க்கு ஆதரவாக நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேரிகையில் இறங்கியபின்தான் அது மனத்தை உறுத்தியது. அடுத்த முறை அப்படியொரு குழந்தையைக் காணும்போது, நீங்களாவது பழி சொல்லுமுன் சற்று நின்று எண்ணிப் பாருங்கள்.